பட்டு சாத்திய பெட்டி

அந்த வெள்ளிக்கிழமை காலைப் பூஜைக்கு எங்கள் மேனேஜர் இருந்தார், பணம் போட சென்னையிலிருந்து வந்த இருவர் இருந்தார்கள், பட்டுக்கடை முதலாளி இருந்தார், நான் இருந்தேன். யாருக்காக அந்தப் பெட்டியை வைத்தோமோ, அந்த ஆட்டோக்காரர்களில் ஒருவரும் இல்லை. சவாரி போயிருந்தார்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஓடும் சில பேட்டரி ஷேர் ஆட்டோக்களில் கேமரா பொருத்தியிருந்தோம். குறுக்கே வரும் ஆளையும் மாட்டையும் பார்த்து எச்சரிக்கும். படத்தில் அவற்றைக் கண்டுபிடிக்கும் கணக்கை ஆட்டோவே போட்டால் பேட்டரி கரையும். அதனால் தெருவிலேயே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, பட்டுக்கடை வாசலில். பக்கத்திலிருந்தே கணக்குப் போட்டு வண்டிக்குப் பதில் அனுப்பும். வண்டியின் கம்ப்யூட்டர் தூங்கும். மிச்சமாகும் சார்ஜில் இன்னொரு நடை போகலாம். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். படித்த படிப்பு ஒருவருக்கு ஒரு நடையாக மாறுவதில் எனக்குப் பெருமை இருந்தது.

பூஜையென்றால் வஸ்திரம் சாத்தாமல் எப்படி என்றார் முதலாளி. கெட்டி ஜரிகைப் பட்டு பெட்டியை முழுக்க மூடியது, காற்றுப் போகும் துளைகளையும் சேர்த்து. சூடாகி நின்றுவிடும் என்றேன். போட்டோ எடுத்ததும் எடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். போட்டோ எடுத்தார்கள். நான் துணியில் கை வைத்தபோது முதலாளி தடுத்தார்.

"சாத்தினத சாயங்கால தீபாராதனைக்கு முன்ன எடுக்கக் கூடாதுபா."

சிறிது நேரத்தில் பெட்டி நின்றுவிட்டதாக என் போன் காட்டியது. மேனேஜர் காதில் சொன்னேன். விருந்தாளிகள் முன்னால் பேசாதே என்று பல்லைக் கடித்தார். பிறகு திரும்பி, மின்சாரம் எவ்வளவு மிச்சமாகிறது என்று அவர்களுக்குப் போன மாதத்து வரைபடத்தைக் காட்டிச் சிரித்தார். அவர்கள் தலையாட்டிக்கொண்டே கேசரி தின்றார்கள்.

எங்கள் கேமரா வண்டிகளில் ஒன்றை ஓட்டும் அக்காவுக்குப் போன் போட்டேன். ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார். பெட்டி நின்றதால் காலை முழுக்க அவர் வண்டி தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது. மதியம் செருப்புக் கம்பெனிக்குப் போகும் ஆறு பெண்களை ஹைவேயில் ஷிப்ட் பஸ்ஸில் ஏற்றிவிடுவது அவருடைய மாதாந்திர சவாரி. பாதி வழியில் வண்டி நின்றது. பஸ் போய்விட்டது. ஆறு பேருக்கும் அன்றைய கூலி போனது.

மறுநாள் அக்கா ஆபீசுக்கு வந்தார். வண்டியில் பாட்டுப் போட்டுச் சார்ஜைத் தீர்த்தது அவர்தான் என்றார் மேனேஜர், கூசாமல். பெட்டி நின்றிருந்தது என்று நான் சொன்னேன். உன்னை யாரும் கேட்கவில்லை என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார். "நீங்க பொட்டிக்குப் பூஜை பண்ணிக்கினு இருந்தீங்க தம்பி. என் வண்டி நடு ரோட்ல செத்துக்கினு இருந்துது."

அந்த ஆறு பெண்களும் மாதாந்திர சவாரியை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்குத் தறியில் வேலை இல்லாத மாதங்களில் அந்தச் சவாரிதான் குடும்பத்தை ஓட்டியது. அக்கா குடும்பத்துக்குப் போனது மாதம் ஒன்பதாயிரம் ரூபாய்.