களைகளுக்குக் காவல்

எங்கள் வேளாண்மைக் கல்லூரி ஒரு தானியக் கிடங்கில்தான் தொடங்கியது. ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் வகுப்பு. எலிகள் இரண்டுக்கும் வந்துபோயின. அன்றிலிருந்தே என் அக்கா அங்கே தினக்கூலிக்குக் களை எடுக்கிறாள். பிறகு கட்டடம் வந்தது, பேராசிரியர்கள் வந்தார்கள், முதல்வருக்குப் பங்களாவும் வந்தது. அக்காவுக்கு மட்டும் நிரந்தர வேலை வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ குனிந்த தலை நிமிராமல் பிடுங்கிக்கொண்டிருப்பாள்.

களையியல் என்று புதிதாக ஒரு துறை தொடங்கினார்கள். அதற்கு அங்கீகாரம் தர ஆய்வுக் குழு வருகிறது என்றதும் முதல்வர் அக்காவைக் கூப்பிட்டார்.

“இந்தா பாரும்மா, பண்ணையில ஒரு களை என் கண்ணுல படக்கூடாது. இது நல்லபடியா முடிஞ்சா உன்னை நிரந்தரமாக்கிடறேன்.”

போதாதா? அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வரப்பு, வாய்க்கால் எதையும் விடவில்லை. கடைசியாக மூலையில் ஒரு வயலைப் பார்த்தாள். கோரையும் முள்ளுமாக இடுப்புயரம். “எந்தச் சோம்பேறி விட்டுவெச்சது இதை?” என்று திட்டியபடியே மொட்டையடித்துவிட்டாள்.

அது களைப் பேராசிரியர் விதை தூவி, தண்ணீர் விட்டு, உரம் போட்டு வளர்த்த பாடத் தோட்டம். குழு வரும் நாள் காலையில் வந்து பார்த்தவர், வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ, குடியைக் கெடுத்தியேம்மா! வர்றவங்களுக்கு நான் எதைக் காட்டுவேன்?”

“சுத்தமா இருக்கே சார்,” என்றாள் அக்கா. விஷயம் புரிந்ததும் அவளும் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். பங்களாவைப் பெருக்கிக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு ஓடினேன். “போச்சுடி, கைக்கு வந்த வேலை போச்சு!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

பண்ணை முழுக்கத் தேடியும் ஒரு களை இல்லை. அவள் கை பட்ட இடமாயிற்றே! எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“சார், பங்களாவுக்குப் பின்னால முதல்வர் ஐயா காய்கறித் தோட்டம் போட்டிருக்காரு, போய்ப் பாருங்க. அங்க காய் மட்டும்தான் இல்ல,” என்றேன்.

குழுத் தலைவர் அதைப் பார்த்து அசந்துபோனார். “அடேயப்பா, எத்தனை வகை! எத்தனை வருஷ உழைப்பு! யார் செஞ்சது?”

முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. “எல்லாம் எங்க முதல்வரோட நேரடிக் கவனிப்புதான் சார்,” என்று பேராசிரியர் முந்திக்கொண்டார். முதல்வர் அசடு வழியச் சிரித்தார்.

அங்கீகாரம் கிடைத்தது. முதல்வரும் சொன்ன சொல் தவறவில்லை. அக்காவுக்கு நிரந்தர வேலை போட்டுக் கொடுத்தார்: அந்தக் களைத் தோட்டத்துக்குக் காவல். யாரும் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியமாக அவள்.

உட்கார நாற்காலி, நிழலுக்குக் கூரை, மாதம் பிறந்தால் சம்பளம். தெருவே பொறாமைப்பட்டது. அக்காதான் இளைத்துப்போனாள். “கண்ணெதிர்லயே வளருதுடி. பாத்துக்கிட்டே சும்மா உக்காருன்னா எப்படி?” என்று புலம்புவாள். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

போன வாரம் விடுமுறையன்று அவள் வீட்டில் இல்லையே என்று தேடிப் போனேன். பழைய தினக்கூலிக் கூட்டாளிகள் களை எடுக்கும் வயலோரம் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“கூலியெல்லாம் வேண்டாம்டி. ஒரே ஒரு வரிசை குடுங்க.”