பென்சிலை அழுத்தி எழுதினவள்

வீட்டில் அவளுக்கு வைத்த பேர் கத்திரி. தையல் வேலைக்குப் போனதால் வந்த பேர் என்று கடையில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அட, அதெல்லாம் இல்லை. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத வயசிலேயே அவள் வாய்க்காக வைத்த பேர் அது.

சலவைக் கடையின் பின்பக்கம், நீராவி இஸ்திரிப் பெட்டிக்கும் ஜிப் போன பேண்ட் குவியலுக்கும் நடுவே அவளுடைய மெஷின். நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், தொப்பை போட்டவர்களுக்கு இடுப்பைப் பிரித்து விடுவாள். அந்தத் தொப்பை எப்படி வந்தது என்று கூடவே ஒரு கதையும் சொல்வாள். கேட்கிறவர்களுக்குச் சிரித்தே வயிறு புண்ணாகும். தொப்பைக்காரர் மட்டும் அப்போது அங்கே இருக்க மாட்டார்.

அக்கா ஒரு நாட்டில், அண்ணன் இன்னொரு நாட்டில். அக்காதான் பழைய புத்தகக் கடையில் அந்த நாவலை எடுத்தாள். அட்டை தொங்குகிற குண்டுப் புத்தகம், பெரிய குடும்பத்துக் கதை. படித்துவிட்டுத் தங்கைக்குத் தபாலில் அனுப்பினாள். ஓரத்தில் பென்சிலால் தோன்றினதை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் இரண்டு பேருக்கும் ஏற்பாடு. கத்திரிக்குச் சொல்லித் தரவா வேண்டும்? துணியில் சாக்கட்டியை அழுத்திக் கோடு போட்டுப் பழகின கை, பென்சிலையும் அப்படியே அழுத்தியது. கதையில் ஒரு அண்ணி, வீட்டுப் பழசையெல்லாம் தானம் போலத் தூக்கிக் கொடுக்கிறவள். அந்தப் பக்கத்து ஓரத்தில் கத்திரி எழுதினாள்: "இது நம்ம அண்ணியேதான். கொடுக்கிறது கிழிசல், எதிர்பார்க்கிறது கும்பிடு. நம்ம அண்ணன்? அவ முந்தானையில முடிஞ்சு வச்ச சில்லறை."

எப்போதோ அண்ணி அனுப்பிய பார்சலில் ஒரு கோட்டின் உள்துணி கிழிந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். தையல்காரிக்கு அதெல்லாம் ஒரு வேலையா? ஆனாலும் அதை மனசிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

புத்தகம் திரும்பிப் போனதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்ச நாள் கழித்து, கத்திரி மெஷினில் நூல் பாபின் மாற்றிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன்.

"அண்ணிக்குக் கண் ஆபரேஷன் ஆச்சுல்ல, படிக்கவே கூடாதுன்னுட்டாங்களாம். பொழுதே போகலைன்னாங்க. அந்த நாவலை அனுப்பிட்டேன். அண்ணன் தினம் சாயங்காலம் வாசிச்சுக் காட்டறாராம்."

"நான் எழுதினதை அழிச்சியா?"

அக்கா பேச்சை மாற்றி, கடையில் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

"அக்கா, அழிச்சியா இல்லையா?"

"சுத்தமா மறந்துட்டேன்டி."

கத்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாருடைய பேண்டிலோ ஒரு காலை மட்டும் குட்டையாக வெட்டிவிட்டு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அண்ணியை நினைத்தால் முகம் கொதித்தது. அண்ணனை நினைத்தால் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அதிர்ந்து பேசாத மனுஷர். சின்ன வயசில் இவள் வாயால் இழுத்துக்கொண்டு வந்த வம்புக்கெல்லாம் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டவர் அவர்தான். இப்போது அவர் வாயாலேயே அதை வாசிக்க வைத்துவிட்டாளே, பாவி.

அண்ணியே ஒருநாள் கூப்பிட்டாள்.

"உன் கையெழுத்து இருக்கிற இடமெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னமா எழுதறே நீ! சிரிச்சா கண் வலிக்குது, சிரிக்காமலும் இருக்க முடியல."

"அண்ணன் எல்லாத்தையுமா வாசிச்சார், அண்ணி?"

"ஒண்ணு விடல. ஒருநாள் மட்டும் தொண்டை கட்டிக்கிச்சுன்னு பாதியில மூடி வச்சுட்டார். அழற கட்டம்கூட இல்ல அது. புத்தகத்தை உங்க அக்காவுக்கு முன்னால உனக்குத்தான் அனுப்பணும்னு இப்ப ஒத்தக்கால்ல நிக்கறார். நீ இன்னும் கொஞ்சம் எழுதி எனக்கே திருப்பி அனுப்பு. அடுத்த தடவை நானே படிக்கணும்."

குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகவே தெரியாதா? குத்திக் காட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது கத்திரிக்கு.

பார்சல் கடைக்கே வந்தது. பிரித்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினாள். அவள் எழுதினதற்குக் கீழே அண்ணனுடைய பொடி எழுத்து: "இதை அவளுக்கு வாசிக்கல. அழிச்சுட்டு அனுப்பு."

தன்னைச் சில்லறை என்று எழுதினதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரே அழித்திருக்கலாம். நீ போட்டதை நீயே எடு என்று விட்டிருக்கிறார்.

ரப்பர் வைத்ததும் அண்ணனுடைய எழுத்து ஒரே இழுப்பில் போய்விட்டது. அவளுடையது போகவில்லை. கரி போனாலும் பள்ளம் அப்படியே நின்றது, விளக்கடியில் சாய்த்தால் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. நீராவி இஸ்திரியை வைத்துப் பார்த்தாள். நல்ல புத்தி! தாள்தான் சுருங்கிப்போனது. வேறு வழியில்லாமல் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அழிச்சேன் அண்ணே. தடம் போகல."

அவர் திட்டினால் நல்லது, அழுது தீர்த்துவிடலாம் என்று அவள் காத்திருந்தாள்.

"பரவாயில்ல, அனுப்பு. அவளுக்கு இன்னும் பார்வை சரியா வரல. பெரிய எழுத்தே கலங்கலாத்தான் தெரியுதாம்."

அப்பாடா என்று மூச்சு விட்டாள் கத்திரி. விட்ட பிறகுதான் எதற்கு விட்டோம் என்பது உறைத்தது. அண்ணிக்குக் கண் தெரியவில்லை என்று கேட்டு விட்ட மூச்சு அது. அண்ணன் காதிலும் விழுந்திருக்கும்.

சீக்கிரம் சரியாயிடும் அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஊரையெல்லாம் வெட்டின வாயிலிருந்து அது மட்டும் வரவில்லை.

"சரிம்மா," என்றார் அண்ணன். "வேலையைப் பாரு."