வால் எங்கே முடிகிறது

என் வேலையைப் பற்றிக் கேட்பவர்களிடம் முதலிலேயே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுவேன். நான் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. ராத்திரி விழித்திருப்பதில்லை. ஜோசியம் தெரியாது. மூன்றாவதைச் சொன்ன பிறகும் சிலர் உள்ளங்கையை நீட்டுவார்கள்.

நான் பார்க்கும் படங்களை எடுத்த விண்வெளித் தொலைநோக்கி இப்போது இயங்கவில்லை. அகச்சிவப்பு ஒளியைப் பார்க்க அது கடுங்குளிரில் இருந்தாக வேண்டும். அதற்காகக் கொண்டுபோன திரவ ஹீலியம் தீர்ந்ததும் பார்வை போய்விட்டது. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அது பார்த்து வைத்ததெல்லாம் ஒரு காப்பகத்தில் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். வங்காளத்தில், டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டிய எங்கள் வாடகை வீட்டில், ஜன்னலுக்கு வெளியே லோக்கல் ரயில் போகும்போது மேசை லேசாக அதிர, நான் அந்தப் பழைய பார்வையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பார்ப்பது தூசியை. விண்மீன் கூட்டங்களுக்குள் நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் தூசி. புகையைப் போல நுண்ணியது. நட்சத்திர வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெப்பமாகத் திருப்பித் தருவது.

"தூசியப் படிக்கவா இத்தன வருஷம்?" என்பாள் அம்மா. "அந்த ஃபேன் றெக்கையத் தொடச்சுட்டு வா. பட்டத்த நானே குடுத்துடறேன்."

ஆய்வில் சேர்ந்து மூன்றாவது வருடம் அந்த வாலைப் பார்த்தேன். என் பட்டியலில் இருந்த நூற்றுக்கணக்கான விண்மீன் கூட்டங்களில் ஒன்று. சாய்ந்த தட்டு மாதிரி இருக்கும், பெயர்கூடக் கிடையாது, எண்தான். மெலிந்த ஒளி தெரிவதற்காகப் படத்தைச் சற்று மங்கலாக்கிப் பார்த்தபோது தட்டின் ஒரு விளிம்பிலிருந்து மெல்லிய இழை ஒன்று கிளம்பி, வளைந்து, படத்தின் ஓரம்வரை போனது. விண்மீன் கூட்டங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும்போது இப்படி வால் நீளும். எப்போதோ, இங்கே மனிதரென்று யாரும் இல்லாத காலத்தில், ஏதோ ஒன்று அதன் அருகே வந்து, இழுத்துவிட்டு, போயிருக்கிறது.

பல நாட்கள் அந்த வாலோடுதான் இருந்தேன். காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் கண்ணை மூடிக்கொள்வேன். இமைக்குள் அது வளைந்துகொண்டே போகும். அதை அளக்க வேண்டும், எடை போட வேண்டும், குளிரைக் கணக்கிட வேண்டும் என்றெல்லாம் மனம் வரிசைப்படுத்தும். வரிசையின் கடைசியில் எப்போதும் ஒன்றும் செய்யாமல் சும்மா பார்ப்பது இருந்தது.

அது கனவாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் மூன்றாம் ஆண்டு மதிப்பீடு. ஆய்வு உதவித்தொகையைத் தொடரலாமா வேண்டாமா என்று குழு முடிவு செய்யும். என்னிடம் அதுவரை இருந்தவை அட்டவணைகள். அவர்கள் கேட்டது ஒரு கண்டுபிடிப்பு. வால் இருந்தால் என் ஆய்வு நிலைக்கும், இல்லையென்றால் இல்லை.

ஆய்வகத்தில் எனக்கு அடுத்த நாற்காலிக்காரி என்னைவிட இரண்டு வருடம் மூத்தவள். ஊர் வழக்கப்படி நான் அவளைத் தீதி, அதாவது அக்கா, என்பேன். எங்களுக்குள் பேச்சு பாதி வங்காளம், பாதி ஆங்கிலம். தேநீர்க் கோப்பையோடு என் திரையின் முன் குனிந்தவள், "ஏ பாபா, எவ்ளோ அழகு!" என்றாள். பிறகு, "வால் எங்க முடியுது?" என்று கேட்டாள்.

"படம் முடியற எடத்துல."

"படத்த வெட்டினது யாரு? கடவுளா?"

"நான்தான்."

"அப்ப வால வெட்டினதும் நீதான்னு சொல்லு. இத அந்தக் குழு கேட்டா என்ன சொல்லுவ? 'சார், மிச்ச வால் வீட்ல இருக்கு'ன்னா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போனதும் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

வெட்டுவது எங்கள் எல்லோருடைய வழக்கம். தொலைநோக்கி வானத்தைப் பெரிய விரிப்பாக எடுத்திருக்கும். அதை முழுதாக இறக்கினால் கணினி திணறும். ஆகவே வேண்டிய விண்மீன் கூட்டத்தை நடுவில் வைத்து, சுற்றி ஒரு சின்னச் சதுரம் வெட்டி எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான சதுரங்கள், எல்லாம் ஒரே அளவு. ஒழுங்கை விரும்புகிற எனக்கு அந்தச் சதுரங்கள் மேல் பிரியமே உண்டு. சதுரத்துக்கு வெளியே வானம் இருக்கிறது என்பதை மறக்கும் அளவுக்கு.

சனிக்கிழமை ஆய்வகத்தில் சர்வர் பராமரிப்பு. எனவே வீட்டிலிருந்தே முழு விரிப்பையும் இறக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டு இணையத்தின் வேகம் அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை. எதையும் சென்னையிலிருந்து ஹவ்ரா வரும் வண்டியாக நினைத்தால்தான் அவருக்குப் புரியும்.

"எங்க வருது உன் வண்டி?" என்றார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

திரையில் பாதிக்கும் குறைவாக இருந்தது. "விசாகப்பட்டினம் இன்னும் வரலப்பா."

"என்ஜின் மாத்துவான். லேட்டாகும்."

சமையலறையில் அம்மா பச்சரிசியும் பாசிப்பருப்பும் வேகவைத்து, குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஈச்ச வெல்லத்தைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் பல வருடங்களாக நோலன் குர் என்கிற அந்த வெல்லத்தின் வாசனையில்தான் இருக்கிறது. வெளியே மாலைப் பனியும் அடுப்புப் புகையும் சேர்ந்து தண்டவாளத்தின் மேல் படுத்திருந்தன. அதற்குள்ளிருந்து ஒரு லோக்கல் முளைத்து, நின்று, மறுபடி அதற்குள்ளேயே போனது.

"புவனேஸ்வர்?"

"தாண்டியாச்சு."

"அப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி வந்துடும். பதறாத."

நான் பதறுவதை யாரிடமும் காட்டியிருக்கவில்லை.

கரக்பூரையும் தாண்டி அது வந்து சேர்ந்ததும் திறந்தேன். என் விண்மீன் கூட்டம் நடுவில் ஒரு பொட்டாக இருந்தது. வால் அதிலிருந்து கிளம்பி, என் சதுரத்தின் எல்லையைக் கடந்து, நிற்காமல் போனது. இன்னொரு விண்மீன் கூட்டத்தைத் தொட்டும் தொடாமலும் கடந்து, கிளை பிரிந்து, விரிப்பின் மூலைவரை புகைபோலப் பரவியது. எதிர்ப்பக்கமும் அதேபோல் இருந்தது. அது என் கூட்டத்திலிருந்து கிளம்பவே இல்லை. வழியில் அதன் விளிம்பை மறைத்துக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டியிருந்தது. அதே இடத்தில் உள்ள வாயுவின் வேகத்தை ரேடியோ தொலைநோக்கிகள் அளந்து வைத்திருக்கின்றன. தொலைவிலுள்ள விண்மீன் கூட்டம் நம்மைவிட்டு வேகமாக விலகிப் போகிறது. வால் அதனுடையதென்றால் அதுவும் கூடவே போக வேண்டும். போகவில்லை. கிட்டத்தட்ட நம்மோடேயே இருந்தது. நம் பால்வீதியின் தூசி. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் நடந்ததென்று நான் கனவு கண்டது, வாசற்படியில் மிதந்த புகை.

"ஹவ்ரா வந்தாச்சா?" என்றார் அப்பா.

"வந்தாச்சுப்பா. நான் எதிர்பார்த்த ஆள் எறங்கல."

அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். அம்மா கரண்டியோடு வந்து திரையைப் பார்த்தாள். "என்னடி இது, ஒட்டடை மாதிரி?"

"இதத்தான் அந்தத் தூரத்துக் கூட்டத்தோட வாலுன்னு நெனச்சேன். நம்மளோடதும்மா. நம்ம தூசி."

"இது நல்லா இல்லையா?"

யோசித்தேன். "நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் என்ன? சாப்பிட வா, ஆறுது."

மதிப்பீட்டுக்கு இரண்டு படங்களும் கைவசம் இருந்தன. சதுரம், விரிப்பு. சதுரத்தை மட்டும் காட்டினால் அறையில் இருந்த ஐந்து பேரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். அவர்களும் வெட்டிப் பழகியவர்கள்தான். சதுரத்தை முதலில் போட்டு, அவர்கள் சற்று முன்னால் சாய்வதைப் பார்த்துவிட்டு, விரிப்பைப் போட்டேன். என்ன நினைத்தேன், ஏன் தவறு, எப்படித் தெரிந்தது என்று வரிசையாகச் சொன்னேன்.

"அப்படியானால் உங்களிடம் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"இந்த மேகம் இருக்கிறது. இதன் பின்னால் தெரியும் விண்மீன் கூட்டங்கள் எல்லாவற்றையும் வைத்து, இது எங்கே அடர்த்தி, எங்கே மெலிது என்று சொல்ல முடியும். என் பட்டியலில் இன்னும் எத்தனை வால்கள் இப்படியென்றும் பார்க்க வேண்டும்."

அடுத்த மழைக்காலத்துக்குள் புதிய திட்டம் தர வேண்டும், அதைப் படித்துவிட்டு முடிவு சொல்கிறோம், அதுவரை உதவித்தொகை வரும் என்றார்கள். வெளியே காத்திருந்த தீதி, "பிழைச்சியா?" என்றாள். "மழை வரைக்கும்" என்றேன்.

இப்போது பெரும்பாலும் அந்த மேகத்தோடுதான் இருக்கிறேன். மெட்ரோவில் கண்ணை மூடினால் வால் வருவதில்லை. எல்லையில்லாமல் ஏதோ விரிகிறது. அதன் மெலிந்த இடங்களில், வெகுதூரத்தில், சாய்ந்த சின்னத் தட்டுகள். நேற்று மாலை அப்பா வழக்கம்போலக் கேட்டார், "எங்க இருக்கு உன் வண்டி?"

"சென்னை சென்ட்ரல்லயேதாம்பா. இன்னும் கெளம்பல."

"சரி" என்றார். "ஜன்னலோர சீட்டாப் பாத்து உக்காரு."