தானே பெட்டி தூக்கும் லாரியைப் பார்க்க மீஞ்சூர் போனது

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லா கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். நேரம், காசு, தூரமெல்லாம் என் நினைவிலிருந்து வருவது. அதில் பிசகு இருக்காது. புரியாத இடங்கள் இருந்தால் அவள் மேல் தப்பில்லை, எனக்கே இன்னும் புரியவில்லை.

2003 ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை. என் மகன் சேவியர் திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு ஒன்றில் ஒன்பது வருஷம் கிரேன் ஓட்டினான். அதில் கடைசி ஆறு வருஷம், ஹார்பர் வேலை முடிந்த பிறகு, அவனுக்குச் சிக்னல் காட்டியது நான். மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கண்டெய்னர் பெட்டியின் அடி தெரியாது. கீழே நிற்கிறவன் விரலைச் சுற்றினால் தூக்கணும், உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கணும், கையை மூடினால் அப்படியே நிற்கணும். அந்த யார்டை மூடிவிட்டார்கள். ஐந்து மாதமாக அவனுக்கு வேலையில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு முதலாளி புது மாதிரி லாரி வாங்கியிருந்தார். அதில் சேவியரை இரண்டு நாள் பழகவிட்டு, "வியாழக்கிழமை ஒரு பெட்டி தூக்கிக் காட்டு, சரியா வந்தா வேலை" என்றிருந்தார். சேவியருக்கு உதறல். "நீயும் வா நைனா" என்றான்.

ராயபுரத்தில் 7.20 வண்டி. டிக்கெட் ஆளுக்கு ஆறு ரூபாய். விம்கோ நகர் வரை நின்றுகொண்டே போனோம், அப்புறம் உட்கார இடம் கிடைத்தது. மீஞ்சூரில் இறங்கும்போது மணி 8.10. ஸ்டேஷன் வாசலிலிருந்து முதலாளியின் யார்டு நாலு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய்.

"பெர்சு, இன்னாத்துக்கு அங்க? வாட்ச்மேன் வேலைக்கா?" என்றான் ஆட்டோக்காரன்.

"லாரி பாக்க."

"லாரி பாக்க மீஞ்சூருக்கு வந்துகினு கீறியா? உங்க ராயபுரத்துல இல்லாத லாரியா!"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் இந்த லாரி வேறு. நான் ஹார்பரில் சேர்ந்த காலத்தில் கப்பலின் சொந்தக் கிரேன் பெட்டியை இறக்கும். ஒரு பெட்டிக்கு எட்டு ஆள். கரைக் கிரேன் வந்தது, நாலு மூலைக்கு நாலு கம்பிக் கயிறு, ஆள் நாலானது. அப்புறம் யானை மாதிரி ஒரு சக்கர வண்டி வந்து பெட்டியை மேலிருந்தே கவ்வியது; ஆள் இரண்டு. இதில் லாரிதான் கிரேன். முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை. இரண்டும் பக்கவாட்டில் நீண்டு, தரையில் கிடக்கும் பெட்டியின் அடி மூலைகளில் சங்கிலி மாட்டி, தூக்கித் தன் முதுகிலேயே வைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவன் கீழே நின்று, வயர் தொங்கும் ஒரு சின்னப் பெட்டியில் பொத்தான் அமுக்குகிறான்.

"சிக்னல் காட்றவன் எங்க நிப்பான்?" என்று யார்டில் லாரியைப் பார்த்ததும் சேவியரிடம் கேட்டேன்.

"அப்டி ஒரு ஆளே கெடையாது நைனா."

பாரம் முழுக்க ஒரே பக்கம். லாரி ஏன் கவிழாது? பெட்டி கிடந்த பக்கம் சேவியர் லாரியின் இரும்புக் கால் இரண்டை ஊன்றினான். சங்கிலி விறைத்தது. துருப்பிடித்த இருபதடிச் சிவப்புப் பெட்டி தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது. லாரி அந்தப் பக்கம் சாய்ந்தது.

என் கை எப்போது மேலே போனது, எப்போது மூடியது, எனக்குத் தெரியாது. சேவியர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டான். பெட்டி அந்தரத்தில் நின்றது.

"யார்யா ஆப்பரேட்டர்? நீயா, உங்கப்பனா?" முதலாளி கத்தினார்.

"அது கொஞ்சம் சாயும் நைனா. கால் தாங்கிக்கும்," என்றான் சேவியர்.

பெட்டியை இறக்கச் சொன்னார்கள். "இன்னும் ஒரே வாட்டி. பெர்சு, நீ அந்தச் செவுத்தைப் பாத்து நில்லு," என்றார் முதலாளி.

நின்றேன். அறுபத்தாறு வயசில், கையைக் கட்டிக்கொண்டு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து. இஞ்சின் உறுமியது. சங்கிலி முனகியது. அப்புறம் சத்தமே இல்லை. தூக்கிவிட்டானா, நின்றுவிட்டானா, சாய்ந்ததா? சொல்ல ஆளில்லை. இத்தனை வருஷம் மேலே இருந்தவனுக்கு நான் இல்லாமல் இருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் போல.

டக். பெட்டி லாரி முதுகில் உட்கார்ந்ததும் நாலு மூலையிலும் விழும் பூட்டு. எண்ணினேன். இரண்டு. மூன்று. நான்காவது வர ரொம்ப நேரம் எடுத்தது. டக்.

"திங்கக்கிழமை வந்துடு," என்ற குரல் கேட்டுத்தான் திரும்பினேன்.

திரும்பும் வண்டி 11.35. வண்டி எண்ணூர் தாண்டியது. அப்புறம் சேவியர் கேட்டான்: "இன்னாத்துக்கு நைனா நிறுத்துன?"

"நீ இன்னாத்துக்குடா நின்ன?"

ராயபுரம் வந்துவிட்டது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: காலை வண்டியிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் யார்டில் தகரம் கொதிக்கும். அங்கே டீக்கடை கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். பெட்டி எழும்பும்போது லாரி சாயும், அது அப்படித்தான். ஹார்பரில் வேலை பார்த்தவராக இருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நான் இப்போதும் அங்கே போனால் அப்படித்தான் நிற்கிறேன்.