கட்டிலுக்கு எதிரே ஒரு பாப்பா படம்

எங்கள் வீட்டில் கட்டிலுக்கு நேர் எதிரே ஒரு பெண் குழந்தையின் படம் மாட்டியிருக்கிறது. அது எங்கள் குழந்தை இல்லை. யாருடைய குழந்தை என்று யாருக்கும் தெரியாது. தங்க நிறத்தில் சுருள் சுருளாக முடி, நீலக் கண், வெள்ளை கவுன், மடியில் ஒரு நாய்க்குட்டி. கன்னம் இரண்டும் அப்போதுதான் யாரோ செல்லமாகக் கிள்ளிவிட்டுப் போனதுபோலச் சிவந்திருக்கும். புகைப்படம் இல்லை, கையால் வரைந்தது. வலது மூலையில் தேய்ந்துபோன அரைவட்ட முத்திரை ஒன்று தெரியும். என் நாத்தனார் அதைக் கம்பெனி முத்திரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது தபால் முத்திரை. எப்போதோ, எந்தக் குளிர் நாட்டிலோ, ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய அட்டையைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு விற்றிருக்கிறார்கள்.

என் முதல் வளைகாப்புக்கு முன்னால் நாத்தனார் அதைத் திருவண்ணாமலையில் ஒரு படக்கடையில் வாங்கினார். சாமி படங்களுக்கு நடுவில் தொங்கியதாம். மாசமாக இருக்கிற பெண்கள் இருக்கும் வீட்டுக்குத்தான் இது போகும் என்று கடைக்காரர் சொன்னாராம். ஜமுனாமரத்தூர் பஸ்ஸில், மலைப்பாதை வளைவுகளில் கண்ணாடி உடைந்துவிடாதபடி மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தார். பாசத்தோடுதான் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும், பார்க்கப் பார்க்க வயிற்றில் இருப்பது இதுபோல வரும் என்று சொல்லி, அவரே ஆணி அடித்து மாட்டினார்.

நான் போளூரில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. படித்தவள். தோலின் நிறம் எதனால் வருகிறது என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். இருந்தும் பார்த்தேன். பெரியவர்கள் சொன்னதைச் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று பார்த்தேன். சில நாள் கழித்து, பார்க்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் பார்த்தேன். பாலில் குங்குமப்பூ போட்டுக் குடித்ததும் அப்படித்தான்.

மகள் என் நிறத்தில் பிறந்தாள். நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்து துணியை விலக்கி முதலில் காது மடலைப் பார்த்தார். பிறந்த குழந்தையின் காது நுனியில் என்ன நிறமோ அதுதான் பின்னால் உடம்புக்கு வரும் என்பார்கள். பார்த்துவிட்டுத் துணியை மூடினார்.

"படத்த ஒழுங்கா பாத்தியா, இல்ல தூங்கினே இருந்தியா?" என்று கேட்டார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். தையல் வலியோடு நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மகளைப் பள்ளியில் சேர்த்தபோது ஒரு பாட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். பாட்டுக்கு ஒரு படம். பிரித்துப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பரணில் போட்ட குழந்தையின் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் பக்கத்துக்குப் பக்கம் நின்றார்கள். அதே சுருள் முடி, அதே கன்னம். கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அஞ்சலட்டைகளுக்கும் சிறுவர் புத்தகங்களுக்கும் இப்படி வரைந்து தள்ளியிருக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளை வரைந்தார்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. குளிரில் அந்தக் கன்னங்கள் சிவக்குமாம். எங்கள் மலையிலும் மார்கழியில் நல்ல குளிர்தான். எங்கள் பிள்ளைகளின் கன்னம் சிவக்காது, வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவி அனுப்புவோம். அப்படி வெடித்த கன்னத்தோடு ஒரு குழந்தையை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

மகளின் கலர் பென்சில் டப்பாவில் வெளிர் ரோஜா நிறம் மட்டும் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்துவிட்டது. அதற்குப் பள்ளியில் ஸ்கின் கலர் என்று பெயர். பழுப்புப் பென்சில் வாங்கியபடியே கிடக்கிறது. அதை ஆசிரியையிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். படித்த திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்று விட்டுவிட்டேன்.

இப்போது நான் மறுபடி மாசமாக இருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் நாத்தனார் வந்தார். யாரும் சொல்லாமலே பரணில் ஏறிப் படத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, பழைய ஆணியில் மாட்டினார்.

"இந்த வாட்டியாச்சும் ஒழுங்கா பாரும்மா. வூட்டுக்கு ஒண்ணாச்சும் வெளுப்பா வரட்டும்" என்றார்.

என் கணவர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்திருந்தார். "ஏங்க்கா, என்னைப் பெக்கறப்ப அம்மா இன்னாத்த பாத்துச்சாம்?" என்று கேட்டார்.

"அடுப்பத்தான். வேற இன்னாத்த பாக்கும்?"

எல்லோரும் சிரித்தோம். என் மகளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவள் சமையலறையில் அடுப்பு முன்னால் நின்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து ஒரு காலை, சாமைச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு அவளை எழுப்பப் போனேன். அவள் முன்னமே எழுந்து கட்டில் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். படத்தை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அழுகை இல்லை. கண்ணை மூடக் கூடாது என்று அவளே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

"இன்னா பண்றே?" என்றேன்.

"பாக்கறேன். பாத்துனே இருந்தா அந்த மாதிரி வரும்னு அத்தை சொன்னாங்கல்ல."

இறங்கிப் போய்க் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சட்டை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கி நின்றாள், ஒன்றுமே நடக்காததுபோல.

அன்றைக்கு மத்தியானம் கணவரிடம் படத்தை எடுக்கச் சொன்னேன். அக்கா ஆசையாக மாட்டியது, கேட்டால் என்ன சொல்வது, வெறும் படம்தானே, பிள்ளை நாலு நாளில் மறந்துவிடும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது படம்தான். ஸ்டூல் போட்டு நானே ஏறினேன். வயிற்றோடு ஏறுகிறேனே என்று அவர் பதறிக்கொண்டு காலைப் பிடித்தார். படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி கீழே சாய்த்துவைத்தேன்.

பள்ளியிலிருந்து வந்தவள் ஆணியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் ஒன்றுமே வரவில்லை, அதற்குள் ஏன் எடுத்தாய் என்று கேட்டு அழுதாள். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். படத்தைப் பார்த்தால் யாருக்கும் எந்த நிறமும் வராது. அம்மா மாதிரியும் அப்பா மாதிரியும்தான் பிள்ளை வரும். நீ எங்கள் மாதிரி வந்தாய், அதுதான் எங்களுக்குப் பிடிக்கும். பெரியவர்கள் பேச்சைப் பிள்ளைகள் எப்படிப் பொறுத்துக்கொள்வார்களோ அப்படிப் பொறுத்துக்கொண்டு கேட்டாள். பிறகு என் வயிற்றில் கை வைத்தாள்.

"நான் வவுத்துல இருந்தப்ப நீ இன்னாத்தம்மா பாத்தே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இந்தப் படத்தைத்தான் பார்த்தேன், இருந்தும் நீ நீயாகத்தான் வந்தாய் என்றால், நான் சொன்னதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அத்தனை நாள் காலையிலும் உன் அம்மா இன்னொரு முகத்துக்காகக் காத்திருந்தாள் என்றும் அதே வாயால் சொன்னதாகிவிடுமே.

"ஜன்னல் வழியா நம்ம கொல்லையப் பாத்தேன். மழை பேஞ்சு, அப்பா உழுது போட்டிருந்தாரு. ஈர மண்ணு அவ்ளோ அழகா இருந்துச்சு" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். இப்போதும் மழை பெய்து, உழுது போட்ட மண்தான் வெளியே கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதான்" என்றாள்.

கோபம் இல்லை, அழுகை இல்லை. கணக்கு விடை சரியாக வந்துவிட்ட குரல். பிறகு போய், சுவரோரம் சாய்த்திருந்த படத்தை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கி என்னிடம் கொண்டுவந்தாள். "பாப்பாக்காச்சும் நீ இதைப் பாரும்மா" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அரிசி களையும்போதும் யோசிக்கிறேன், செக்கப்புக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதும் யோசிக்கிறேன். பதில் சொன்ன பிறகு வேறு பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றும் உதவாது. அவள் அப்பா வந்து படத்தை மறுபடி மாட்டினார். அவளுக்கு நிம்மதி. நாத்தனாருக்கு அது கீழே இறங்கியதே தெரியாது.

காலையில் இப்போது அவள்தான் என்னை எழுப்புகிறாள். நான் தூங்கிவிடக் கூடாது என்று கவலை. கண்ணைத் திறந்தால் கட்டிலின் கால்மாட்டில், படத்துக்கு நேர் கீழே, கலைந்த தலையோடு நின்றுகொண்டிருப்பாள்.

"பாக்கறியாம்மா?"

"பாக்கறேன்."

என் கண் போகும் இடத்தை அவள் கவனித்துக்கொண்டே இருக்கிறாள்.

"என்னை இல்லம்மா," என்று திருத்துகிறாள். "மேல."