தலைமன்னாரில் வாங்கிய சின்னக் கார்

அந்தக் காரை வாங்கும்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலம். உக்கின தகரத்துக்கும் ராசமரியாதை. நிலைமை தெரிந்துதான் வாங்கினேன். வாங்காவிட்டால் வேலையை விட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

நான் ஆசிரியை. வீடு மன்னார்த் தீவில், தாழ்வுபாட்டில். பள்ளிக்கூடம் பாலம் தாண்டி முசலிப் பக்கம். விடியமுன் புறப்பட்டு, ஓட்டோ பிடித்து, மன்னார் பஸ் நிலையத்தில் காத்து நின்று, நெரிபட்டுப் போய்ச் சேர்ந்தால் முதற்பாடம் பாதி போயிருக்கும். திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். என் கணவர் கடற்தொழில் செய்பவர். காலையில் அவர் கரைக்கு வரும்போது வீட்டில் நான் இல்லை என்பது அவருக்குப் பெரிய குறை. சோறு கறி ஆக்கி மூடி வைத்துவிட்டுத்தான் போவேன். ஆனால் எடுத்துப் போட ஆள் வேண்டுமாம். பாஸ்குத் திருநாளுக்கு முன் தீவுக்குள் இடமாற்றம் எடு, கிடைக்காவிட்டால் வேலையை விடு என்று பதினெட்டு வருடம் படிப்பித்தவளுக்குத் தவணை வைத்தார். இடமாற்றம் கிடைக்கவில்லை. கார் இருந்தால் விடிந்தபிறகு புறப்படலாம், பொழுதோடு திரும்பலாம் என்று சொல்லி நான் லைசன்ஸ் எடுத்தேன். மூன்றாம் தடவைதான் சித்தியடைந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தலைமன்னாரில் ஒரு மீன் முதலாளியிடம் சாம்பல் நிறத்தில் சின்னக் கார் ஒன்று விலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டேன். கணவரும் அண்ணனும் நானும் போய்ப் பார்த்தோம். அண்ணன் படகு எஞ்சின் திருத்துகிறவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன வருத்தம், எங்கே பழுது என்று சொல்வார் என்று கரை முழுக்கப் பெயர். பொனற்றைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். தங்கமான எஞ்சின் என்றார். படகென்றால் கவிழ்த்துப் போட்டுப் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்திருப்பார். கார் என்றபடியால் எஞ்சினோடு நிறுத்திக்கொண்டார். குனிந்து கீழே பார்க்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காருக்குள் மீன் மணம் இருந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் உடுப்பில், சுவரில், தலையணையில் இல்லாத மீன் மணமா? கருவாடு காயும் முற்றத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது ஒரு மணமே இல்லை. கணவர் முதலாளியோடு சோடா குடித்தபடி மதிலோரம் நின்றார். நான் திரும்பிப் பார்த்தபோது, நல்ல கார்தான், எடு என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு லேசாக வந்ததில் நான் குளிர்ந்துபோனேன். கடைசியில் மனம் இரங்கிவிட்டார் என்று நினைத்தேன். மடைச்சி.

ஞாயிறு பூசை முடிய பங்குச் சுவாமியார் கோயில் வாசலில் காரை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். கணவர் கைகட்டி, தலைகுனிந்து பக்கத்தில் நின்றார். மகள் முன்கண்ணாடியில் செபமாலை தொங்கவிட்டாள்.

பிறகு காரும் நானும் ஒருவரையொருவர் படித்தோம். இரண்டாம் கியரை அவசரப்பட்டுப் போட்டால் உறுமும், ஒரு மூச்சு விட்டுப் போட்டால் விழும். சாரதிப் பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்காது. மழை துடைக்கும் கைகளில் ஒன்று மட்டும் வேலை செய்யும், அதுவும் என் பக்கத்தில் இல்லை. மன்னார்ப் பாலத்தில் பக்கக்காற்று அடித்தால் கார் கொஞ்சம் ஒதுங்கும், நான் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிப்பேன். மகளை டவுன் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வங்காலை, அரிப்பு தாண்டிப் போவேன். அந்த ஒரு மணித்தியாலம் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நேரம் அதற்கு முன் இருந்ததில்லை. தவணை நாள் வந்து போனது. நான் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தேன். கார் ஓடுகிறதா என்று மட்டும் கணவர் இடைக்கிடை கேட்பார். அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

கார் வாங்கி ஒன்பதாம் மாதம் மாரி தொடங்கியது. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் இறங்கினால் செருப்பும் சாறி விளிம்பும் சேற்றில் தோய்ந்திருந்தன. கதவு றப்பர் பழுதாகியிருக்கும் என்று நினைத்து, பள்ளிக்கூடம் விட்டதும் முருங்கன் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து மனிதர். கதவைத் திறந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இது மீன் ஏத்துன வண்டி, டீச்சர். உங்களுக்கு நாத்தம் தெரியலையா?”

தெரியவில்லை என்றேன். அவர் கால் விரிப்பைத் தூக்கினார். கீழே இன்னொரு விரிப்பு. அதையும் தூக்கினார். ஒரு பலகைத்துண்டு. அதற்குக் கீழே தரை இல்லை, கராஜின் மண் தெரிந்தது. பின்சீற்றைக் கழற்றி ஐஸ் பெட்டி அடுக்கி ஓட்டியிருக்கிறார்கள், உப்புத்தண்ணீர் வருடக்கணக்காக வடிந்து தகரத்தைத் தின்றிருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். பிறகு பின்சீற்றைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது அப்படியே சரிந்தது. பூட்டியிருந்த ஆணிகள் பெயருக்குத்தான் நின்றன.

“பின்னால யாரும் உக்கார்றாங்களா?”

என் மகள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாவியைத் தாருங்கள், இனி இதை எடுத்துக்கொண்டு போக விடமாட்டேன் என்றார். நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

அந்த முதலாளிக்குத்தான் எங்கள் படகு மீன் கொடுக்கிறது என்பது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. கணவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. இருந்தும், தெரியாது என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்க நேர்ந்துகொண்டு போனேன்.

அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கார் மீன் ஏற்றியது என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“ஓம். ஒரு மாரி முழுக்க எங்கட மீனே அதிலதான் போனது.”

“பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

ஊசியை வலையில் குத்திவிட்டு நிமிர்ந்தார். “ரெண்டு மாசத்தில பழுதாப்போகும், நீயும் அலுத்துப்போய் வீட்டில இருப்பாய் எண்டு நினைச்சனான்.”

“பிள்ளை பின்னால இருந்தவள்.”

ஊசியை வலையிலிருந்து திரும்ப எடுத்தார். “அதை நான் யோசிக்கேல்லை” என்றார்.

பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ. அவர் சொன்னது உண்மை. மகளைப் பற்றி யோசிக்கவே இல்லை. என்னைப் பற்றி மட்டும் நன்றாக யோசித்திருக்கிறார். கோயில் வாசலில் தலைகுனிந்து நின்றவர் அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருக்கிறார். அண்ணனிடம் சொன்னேன். புருசன் பெண்சாதிக்குள் இதெல்லாம் இருக்கும், பெரிதுபடுத்தாதே என்றார்.

மெக்கானிக் பழைய தரையை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்து உருக்கி ஒட்டித் தந்தார். மூன்று கிழமை எடுத்தது. அதுவரை பஸ்ஸில் போனேன், ஒருநாளும் லீவு போடவில்லை. வீட்டிலும் எல்லாம் வழமைபோல நடந்தது. சமைத்தேன், மூடி வைத்தேன், போனேன். சண்டை பிடித்திருக்கலாம். சண்டை பிடிக்கக்கூட அவரோடு உட்கார வேண்டுமே.

அடுத்த தை மாதம், நான் விண்ணப்பித்ததே மறந்துபோன பிறகு, இடமாற்றக் கடிதம் வந்தது. தீவுக்குள்ளேயே பள்ளிக்கூடம், வீட்டிலிருந்து நடந்து போகலாம். கணவர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் வெகுகாலம் பார்த்ததில்லை. இனிக் கஷ்டமில்லை, காரையும் விற்றுவிடலாம் என்றார். அடுத்த நாள் பள்ளிக்கூடம் முடிய வலயக் கல்விக் கந்தோருக்குப் போய், இடமாற்றம் வேண்டாம், முசலியிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் எழுதச் சொன்னார்கள். பிள்ளைகளின் படிப்பு பாதிக்கப்படும் என்று எழுதினேன்.

இரவு சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார்.

“வீட்டுக்குக் கிட்ட வர எனக்கு விருப்பமில்லை” என்றேன்.

நான் அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.