கிள்ளானில் ஆண், பிரிக்பீல்ட்ஸில் பெண்

தேங்காய் எண்ணெய் வாசனை யார் தலையிலிருந்தும் வரலாம், எந்த அடுக்களையிலிருந்தும் வரலாம். ஒரு பாட்டுத் தட்டிலிருந்து வந்தால் அது என் அப்பாவின் தட்டு என்று அர்த்தம். போன ஞாயிற்றுக்கிழமை, செராஸில் குடியிருக்கும் என் மகன் மின்சாரத்தில் ஓடும் புதுப் பாட்டுப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "பழைய பிளேட்டு ஏதாச்சும் இருந்தா எடுங்கப்பா" என்றான். டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வாசனை போகவில்லை.

தட்டு சுழன்றது, பாட்டு வந்தது. நானும் என் மனைவி பாக்கியமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "யாருங்க இது பாடுறது?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. இதே பாட்டால்தான் எங்கள் கல்யாணம் நின்றுபோக இருந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா கிள்ளானில் ரயில் தண்டவாளம் போடும் ஆட்களுக்கு மண்டோராக இருந்தார். மேற்பார்வை பார்த்துப் பார்த்து, உலகத்தில் எல்லாமே கொஞ்சம் கோணல் என்ற முடிவுக்கு வந்திருந்தவர். அந்தக் காலத்துப் புதுப் பாட்டெல்லாம் அவருக்கு ஆர்மோனியத்துக்குப் பேதி கண்ட சத்தம். பெண்கள் தட்டில் பாடுவது குழாயடிச் சண்டை. எல்லாரையும் தள்ளிவிட்டு ஒரே ஒரு பாடகரை மட்டும் ஒப்புக்கொண்டிருந்தார். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆழமான குரல். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு நிதானம். "ஆம்பளைன்னா இவன் ஆம்பளை" என்பார்.

அவருடைய பாட்டுப்பெட்டிக்கு அவர் விட்ட எண்ணெய்தான் அந்தத் தேங்காய் எண்ணெய். தலைக்கு ஆகும், சைக்கிளுக்கு ஆகும், இதுக்கு மட்டும் ஆகாதா என்று மாதாமாதம் விட்டார். அது உள்ளே பிசினாக இறுகி, எத்தனை சாவி கொடுத்தாலும் பெட்டி விருந்து சாப்பிட்டு எழுந்தவர் நடையில்தான் சுற்றியது.

நான் அப்போது கோலாலம்பூரில் சரக்கு ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கி, நான் சமைத்ததை நானே தின்று இளைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த இஞ்சின் டிரைவரின் மகள்தான் பாக்கியம். பெண் பார்க்கப் போன அன்று நான் காலுறையில் ஓட்டையோடு போய், அதை மறைக்க ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் அதைக் கண்டுபிடித்து, திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு வேறு பெண் வேண்டியிருக்கவில்லை.

டிரைவரோ புதுப் பாட்டின் பக்கம். ஆனால் ஆண்கள் பாடினால் வயிற்றுவலிக்காரன் முனகுகிறான் என்பார். பெண் குரல்தான் வேண்டும், அதுவும் விறுவிறுவென்று. பாட்டுப்பெட்டியில் தட்டுக்குப் பக்கத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். அவர் கண்ணுக்கு அது பிரேக். பிரேக் போட்டபடி வண்டி ஓட்டுவது தவறு என்று அதைக் கடைசிவரை தளர்த்திவிட்டிருந்தார். பாட்டு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "லேட்டு இல்ல" என்பார்.

இருவரும் தட்டு வாங்கியது பிரிக்பீல்ட்ஸில் ஒரே கடையில். அந்தக் கடைக்காரர், ஊசி தீர்ந்தால் வேறு கடைக்குப் போய்விடக் கூடாது என்று, பாடியவர் பெயரின் மேலேயே தன் கடைச் சீட்டை ஒட்டிக் கொடுப்பவர். உரித்தால் பெயரும் சேர்ந்து உரிந்து வரும். எனவே யார் பாடியது என்று அந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாது.

தாம்பூலம் மாற்றிய அன்று இருவரும் பாட்டுப் பேச ஆரம்பித்தார்கள். அப்பா தன் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தார். டிரைவர் துள்ளி எழுந்து, தனக்கும் உயிரான பாட்டு அதுதான் என்றார். கட்டிப் பிடித்துக்கொள்ளாத குறை. பிறகு டிரைவர், "அந்தப் பொம்பள என்னமா பாடுறா, சம்பந்தி" என்றார்.

"எந்தப் பொம்பள?" என்றார் அப்பா.

அவ்வளவுதான். தன் ஆளைக் கேலி செய்கிறார் என்று அப்பா நினைத்தார், தன் காதைக் கேலி செய்கிறார் என்று டிரைவர் நினைத்தார். அடுத்த ஞாயிறு அப்பா தன் தட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தார். டிரைவர் வீட்டுப் பெட்டியில் வைத்தார்கள். அப்பாவின் சொந்தத் தட்டிலிருந்து ஒரு பெண் குடுகுடுவென்று பாடிவிட்டுப் போனாள். அப்பா தட்டை எடுத்துத் துணியில் சுற்றினார். பிறகு இது ஆளை மாற்றுகிற பெட்டி, இந்த வீட்டில் சம்பந்தம் வைத்தால் நாளைக்கு என் பிள்ளையை என்னவாக மாற்றுவார்களோ என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிறு டிரைவர் தன் தட்டோடு கிள்ளானுக்குப் போனார். அங்கே ஆண் குரல் வந்தது. அவர் கோபப்படவில்லை. கடல் காற்று ஒத்துக்கொள்ளாமல் அந்தப் பெண்ணுக்குச் சளி பிடித்துவிட்டது என்று வருத்தப்பட்டார். அதைத்தான் அப்பாவால் மன்னிக்க முடியவில்லை.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது: பாட்டு ஒன்றுதான், பெட்டிகள் சுற்றும் வேகம்தான் வேறு. இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்து, ஓரத்தில் பொறித்திருந்த எண் ஒன்றே என்று டிரைவருக்குக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எங்க வீட்டு நம்பர் பன்னெண்டு, உங்க அப்பா வீட்டு நம்பரும் பன்னெண்டு. அதுக்காக அவரு நானா, தம்பி?"

அப்பாவிடம் சொன்னபோது, படித்த பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் பேசுகிறான் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பத்திரிகை ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டதால் கல்யாணத்தை நிறுத்த இருவருக்கும் வெட்கமாக இருந்தது. அதனால் ஆளுக்கொரு நிபந்தனை போட்டார்கள். மேளம் தொடங்குமுன் பந்தலில் அந்தப் பாட்டு வைக்க வேண்டும். ஆண் பாடாவிட்டால் அப்பா எழுந்து கிள்ளானுக்குப் போய்விடுவார். பெண் பாடாவிட்டால் டிரைவர் தாலி கட்டவிட மாட்டார். பெட்டி ஒன்று, பாட்டு ஒன்று. பெட்டி உடைந்துபோகட்டும் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். வேறு எதுவும் செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை.

கல்யாணத்தன்று பிள்ளைகள் கை வைத்துவிடுவார்கள் என்று டிரைவர் வீட்டுப் பெட்டியைப் பெண் இருந்த அறையில் வைத்து, அதன் குழலை மட்டும் ஜன்னல் வழியாகப் பந்தலுக்கு நீட்டியிருந்தார்கள். நான் மணையில் வியர்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு தொடங்கியது. ஆழமான ஆண் குரல். அப்பா மீசையைத் தடவினார். டிரைவர் முகம் சிவந்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன், அதாவது முடியாமலே முடிந்தது என்று.

அந்த நேரத்தில் பாட்டு மெல்ல மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. நடுவில் ஒரு நொடி, ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் யாரோ ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அந்தப் பெண் வந்துவிட்டாள். டிரைவர் உட்கார்ந்தார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பாடுகிறார்கள், கல்யாணத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

"தொடங்குனது யாரு, பாத்தீங்களா?" என்றார் அப்பா.

"முடிச்சது யாரு, சம்பந்தி?" என்றார் டிரைவர்.

தாலி கட்டி, பாக்கியத்தின் கையைப் பிடித்து அக்கினியைச் சுற்றி வந்தேன். மருதாணி வைத்த பெருவிரலில் கறுப்பாக மிஷின் எண்ணெய். திருகாணியின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன. நான் விரலைப் பார்ப்பதைப் பார்த்து, பெண் பார்த்த அன்று சிரித்த அதே சிரிப்பை அடக்கிக்கொண்டாள். காலுறை இல்லாமலே எனக்குக் கால் கூசியது.

அடுத்த வாரம் இரண்டு கிழவர்களும் ஒன்றாகப் போய், இரண்டு பேரும் சேர்ந்து பாடிய தட்டு வேண்டும் என்று கடைக்காரரைப் படுத்தியிருக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை என்று அவர் சத்தியம் செய்தும் நம்பவில்லை. கடைசிவரை தேடினார்கள். அந்தத் தேடலில்தான் அவர்கள் இணைபிரியாத சிநேகிதர்கள் ஆனார்கள் என்பதால் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவே இல்லை. இப்போது இருவரும் இல்லை. அவர்களுடைய பெட்டிகளும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மகனின் பெட்டியில் பாடியது அன்று பந்தலில் ஒரு நொடி எட்டிப் பார்த்த அந்த ஆள்தான். சரியான வேகத்தில் அவர்தான் பாடியிருக்கிறார் போலிருக்கிறது, பாவம். நல்ல குரல்தான். எங்களுக்கு யாரோ.

பாக்கியம் எழுந்து போய், சுழலும் தட்டின் ஓரத்தில் பெருவிரலை லேசாக வைத்து அழுத்தினாள். பாட்டு தயங்கியது, இறங்கியது, கிணற்றுக்குள்ளிருந்து அந்த ஆழமான குரல் வந்தது.

"மாமா வந்துட்டாரு" என்றாள். அப்பா வெற்றிலை மடிக்கிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது.

விரலை எடுத்தாள். அந்த யாரோ திரும்பி வந்தார். அவள் பெட்டியின் நான்கு பக்கமும் தடவிப் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மகனுக்குத் தெரியவில்லை. இன்னும் வேகமாக ஓட வைக்க முடியாதா என்று அவனைக் கேட்டாள்.

"இதுக்கு மேல ஸ்பீடு இல்லம்மா."

"எங்கப்பாவுக்கு மட்டும் இல்லையா?" என்றாள்.

பாட்டு முடிந்து தட்டு நின்ற பிறகும் அவள் கையை அந்தப் பெட்டியின் மேலிருந்து எடுக்கவில்லை.